சீக்கிரம் குடிக்கற மாதிரி ஒயின் கிட் பாத்து வாங்கறது எப்படி

ஆகஸ்ட் வந்தாலே பெங்களூர்ல நம்மாளுங்க கேக்க ஆரம்பிச்சிடுவாங்க, கிறிஸ்துமஸ்க்கு வீட்லயே ஒயின் போடணும், எந்த கிட் வாங்குனா டைமுக்கு ரெடியாகும்னு. லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கம் வீட்டு ஒயின் ஒண்ணும் புதுசு இல்ல, பாட்டி காலத்துலேருந்தே பீங்கான் ஜாடில பெங்களூர் ப்ளூ திராட்சை, சர்க்கரை, ஒரு கை கோதுமை, பட்டை கிராம்பு எல்லாம் போட்டு வாயை துணியால கட்டி மூலைல வெச்சிடுவாங்க. அது தனி ருசி, நான் அதை குறை சொல்ல வரல. ஆனா ரீஸ்லிங், மெர்லோ மாதிரி வேற ஊர் திராட்சைல, தெளிவா, பாட்டிலுக்கு பாட்டில் ஒரே மாதிரி வரணும்னா கிட்தான் வழி.

கிட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். ஒரு அட்டைப்பெட்டி, உள்ள ஒரு பெரிய பைல கெட்டியாக்கின திராட்சை ஜூஸ், கூட ஈஸ்ட் பாக்கெட், பென்டோனைட்னு ஒரு களிமண் பொடி, ஒயின் கெடாம இருக்க பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், மறுபடி புளிக்காம இருக்க பொட்டாசியம் சார்பேட், கடைசில ஒயின் தெளியறதுக்கு கைட்டோசான், கீசல்சால்னு ரெண்டு பாக்கெட், சிலதுல ஓக் மரத்தூள். தண்ணி சேத்து 23 லிட்டர் ஆக்கி புளிக்க வெச்சா 750 மில்லி பாட்டில் 30 கிடைக்கும். பெரும்பாலும் கனடா கம்பெனிங்கதான், வைன்எக்ஸ்பர்ட், ஆர்ஜேஎஸ் இதெல்லாம் அங்கதான். இங்கிலாந்து கிட்டும் நெறைய இருக்கு.

வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. பெட்டிக்குள்ள இருக்கற வரைக்கும் அது வெறும் ஜூஸ், ஈஸ்ட் போட்டுட்டா அது மது. கர்நாடகா எக்சைஸ் சட்டம், 1965ஆம் வருஷத்து சட்டம், லைசென்ஸ் இல்லாம மது தயாரிக்கக் கூடாதுன்னு சொல்லுது. எல்லாரும் கேக்கோட சேத்து ஒயினும் போடறாங்களே, நம்மளையா கேக்க போறாங்கன்னு நெனச்சு எறங்காதீங்க, உங்க ஏரியா எக்சைஸ் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க. விக்கறது, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஆர்டர் எடுக்கறது எல்லாம் வேணவே வேணாம். பொங்கலுக்கு ஊருக்கு போறப்போ ரெண்டு பாட்டில் மாமாவுக்குன்னு பையில போட்டுட்டு அத்திப்பள்ளி பார்டர் தாண்டாதீங்க, அந்தப் பக்கம் தமிழ்நாடு மதுவிலக்கு சட்டம், அது தனி தலைவலி.

சரி விஷயத்துக்கு வருவோம். பெட்டி மேல கொட்டை எழுத்துல 4 வாரம், 6 வாரம், 8 வாரம்னு போட்டிருக்கும். முக்கால்வாசி பேர் ஏமாறறது இங்கதான். அது பாட்டில்ல ஊத்தற வரைக்கும் ஆகற நாள், குடிக்கற நாள் இல்ல. 4 வாரம்னு போட்ட ஒரு ரெட் ஒயினை 29வது நாள் தொறந்து குடிச்சா நாக்கு வறண்டு, பச்சையா, புளிப்பு தனியா ஆல்கஹால் தனியா நிக்கும், கிட் மட்டம்னு திட்டுவீங்க. கிட் மேல தப்பு இல்ல. எவ்ளோ சீக்கிரம் குடிக்கலாம்ங்கறதை முடிவு பண்றது பெட்டிக்குள்ள என்ன இருக்குங்கறதுதான், அதனால வாரக்கணக்கை ஓரமா வெச்சுட்டு மூணு விஷயம் பாருங்க: எந்த வகை ஒயின், ஜூஸ் பை எத்தன லிட்டர், திராட்சை தோல் பாக்கெட்டும் ஓக் மரமும் எவ்ளோ இருக்கு.

வகைதான் பெரிய விஷயம், அதனால இதை கொஞ்சம் நீட்டி சொல்றேன். எல்லாத்தையும் விட சீக்கிரம் ரெடியாகறது பழ ருசி சேத்த லைட் கிட். வைன்எக்ஸ்பர்ட்ல ஐலண்ட் மிஸ்ட்னு வரும், ஆர்ஜேஎஸ்ல ஆர்ச்சர்ட் ப்ரீஸின்னு வரும், பீச், ஸ்ட்ராபெரி, பச்சை ஆப்பிள், பிளாக்பெரி இந்த மாதிரி. ஆல்கஹால் கம்மி, ஐலண்ட் மிஸ்ட் எல்லாம் 6 சதவீதம் பக்கம்தான். தோல் இல்ல, டானின்ங்கற துவர்ப்பு பேருக்குத்தான், கடைசில ஒரு இனிப்பு பாக்கெட் வேற சேக்கறோம், அதனால பாட்டில்ல ஊத்துன ரெண்டு வாரத்துலயே ஜில்லுனு நல்லா இருக்கும். ஒயின் தெரிஞ்ச ஆளுங்க மூக்கை சுளிப்பாங்க, சுளிக்கட்டும், வீட்டுக்கு வர சொந்தக்காரங்க முதல்ல காலி பண்றது இந்த பாட்டிலைத்தான்.

அடுத்தது ரோசே, அப்புறம் ஓக் இல்லாத வெள்ளை ஒயின்: பினோ கிரீஜோ, சாவிஞோன் பிளாங்க், ரீஸ்லிங், மஸ்கட். பாட்டில் போட்டு ஒரு மாசத்துல குடிக்கலாம், மூணு மாசம் விட்டா இன்னும் நல்லா இருக்கும். இதுல ஒரு சின்ன தந்திரம் இருக்கு, லேசா இனிப்பு இருக்கற ஸ்டைலா எடுத்தீங்கன்னா இளசா இருக்கற ஒயினோட ஆல்கஹால் காரத்தையும் புளிப்பையும் அந்த இனிப்பு மூடிடும், சுத்தமா டிரையா, அதாவது இனிப்பே இல்லாம இருக்கறதுல ஒளிய இடமே இல்ல, ஒவ்வொரு குறையும் வெளிய தெரியும். அதனால அவசரம்னா கொஞ்சம் இனிப்பான ரீஸ்லிங்கோ மஸ்கட்டோதான் என் சாய்ஸ், அதுவும் சிவாஜிநகர் பிரியாணி காரத்துக்கு டிரை ஒயினை விட இதுதான் ஒத்துப்போகுது. வெள்ளைலயே ஓக் நெறைய போட்ட ஷார்டனே மட்டும் இந்த லிஸ்ட்ல சேக்காதீங்க, மரவாசனை அடங்கி ஒயினோட கலக்கறதுக்கு பல மாசம் கேக்கும்.

இல்ல எனக்கு ரெட்தான் வேணும்னு அடம் பிடிக்கறவங்க உண்டு. ரெட்ல லேட் ஆகறதுக்கு காரணம் டானின், திராட்சை தோல்லயும் விதைலயும் இருந்து வர அந்த துவர்ப்பு. அது நாள் ஆக ஆக ஒண்ணோட ஒண்ணு சேந்து பெரிய மூலக்கூறா மாறி மெதுவாயிடும், அதுக்கு குறுக்கு வழி கிடையாது. அதனால டானின் கம்மியா இருக்கற ரெட்டா பாருங்க: கமே, பினோ நுவார், வால்பொலிசெல்லா, லேசான மெர்லோ. பிரான்ஸ்ல போஜோலேங்கற பகுதில போஜோலே நூவோன்னு ஒரு ஒயின், கமே திராட்சைல பண்றது, அறுவடை ஆன அதே வருஷம் நவம்பர் மூணாவது வியாழக்கிழமை கடைக்கு வந்துடும், சில வாரம்தான் வயசு. தோலை நசுக்காம முழு பழமா புளிக்க வெக்கறதால டானின் கம்மியா எறங்குது, அதான் அவ்ளோ சீக்கிரம் குடிக்க முடியுது. கிட்ல அந்த முறை கிடையாது, ஆனா கமே, போஜோலே ஸ்டைல்னு போட்ட கிட் கிடைச்சா அதை எடுக்கலாம், பாட்டில் போட்டு ரெண்டு மூணு மாசத்துல தைரியமா தொறக்கலாம். கேபர்னே சாவிஞோன், பரோலோ, அமரோனேன்னு போட்ட பெட்டி பக்கம் இந்த வருஷ கிறிஸ்துமஸ்க்குன்னு போகாதீங்க. பேரு கெத்தா இருக்கும், குறைஞ்சது ஒரு வருஷம் கேக்கும்.

ரெண்டாவது ஜூஸ் பையோட அளவு. முழு சைஸ் கிட் எல்லாம் கடைசில 23 லிட்டர்தான் ஆகும், ஆனா சிலதுல 7, 8 லிட்டர் கெட்டி ஜூஸ் இருக்கும், மீதி தண்ணி நீங்க ஊத்தணும், சிலதுல 14, 16 லிட்டர் இருக்கும். பெரிய பைன்னா ருசி ஆழமா இருக்கும், விலையும் ஜாஸ்தி, ரெடியாகறதுக்கும் நாள் ஆகும். சின்ன பைன்னா ஒயின் வாய்ல கொஞ்சம் மெலிசா இருக்கும், ஆனா சீக்கிரம் குடிக்கலாம். காசு நெறைய போட்டா நல்ல ஒயின்னு நெனச்சு இருக்கறதுலயே விலை ஒசந்ததை வாங்கி ரெண்டு மாசத்துல தொறக்கறது மாதிரி வேஸ்ட் வேற இல்ல. அவசரத்துக்கு நடுத்தர பை, 8லேருந்து 10 லிட்டர், அதுவும் வெள்ளையோ ரோசேவோ.

மூணாவது, பெட்டில திராட்சை தோல்னு தனி பாக்கெட் இருக்குன்னு போட்டிருந்தா அது மெதுவான கிட், அவ்ளோதான். ஓக் தூளா இருந்து புளிக்கறப்பவே போட சொன்னா பரவால்ல, சீக்கிரம் கலந்துடும். ஓக் துண்டு துண்டா கியூப் மாதிரி இருந்து, அப்புறமா போட்டு ஊற விட சொன்னா தள்ளி வைங்க.

ஏழு நாள் ஒயின் கிட்னு ஒண்ணு வரும், இங்கிலாந்து பக்கம் இது ரொம்ப பேமஸ். ஜூஸ் கொஞ்சூண்டு, மீதி ஆல்கஹாலுக்கு நீங்களே மூணு நாலு கிலோ சர்க்கரை வாங்கி கொட்டணும். சர்க்கரை ஆல்கஹாலை ஏத்தும், ருசியை ஏத்தாது, தண்ணியா காரமா ஒண்ணு வரும். சங்ரியா மாதிரி பழம் வெட்டி போட்டு கலக்கறதுக்கு ஓகே, கிளாஸ்ல ஊத்தி தனியா குடிக்கறதுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எப்படி கொண்டு வரதுங்கறதும் சாய்ஸை மாத்தும். நம்ம ஊர்ல ஆன்லைன் ஹோம்ப்ரூ கடைங்கள்ல ஈஸ்ட், ஏர்லாக் (கேஸை வெளிய விட்டு காத்தை உள்ள விடாத மூடி), ஹைட்ரோமீட்டர் (ஜூஸோட அடர்த்தி அளக்கற கருவி) எல்லாம் ஈஸியா கிடைக்குது, முழு கிட் கிடைக்கறதுதான் கஷ்டம், அதனால டொராண்டோல இருக்கற அத்தை பையன், லண்டன்லேருந்து வர ஆபீஸ் நண்பர்னு யார் கையையாவது பிடிக்க வேண்டியிருக்கு. 16 லிட்டர் பெட்டி 18 கிலோ பக்கம் வரும், 23 கிலோ பெட்டில அவங்க துணிமணி எங்க வெப்பாங்க பாவம், 7, 8 லிட்டர் கிட்னா 10 கிலோல முடிஞ்சிடும். பையை அட்டைப்பெட்டியோட அப்படியே வெக்காம ரெண்டு தடிமன் பிளாஸ்டிக் கவர்ல கட்டி நடு சூட்கேஸ்ல வெக்க சொல்லுங்க, பை ஒடைஞ்சா அந்த பிசுபிசுப்பு ஜென்மத்துக்கும் போகாது.

யார்கிட்ட வாங்குனாலும் தேதி பாக்காம வாங்காதீங்க. ஜூஸ் பழசாக ஆக பழுப்பாகி, காய்ச்சின வெல்லம் மாதிரி ஒரு ருசி வந்துடும், ரெட்ல அது ஓரளவு மறைஞ்சுடும், வெள்ளைல மறையவே மறையாது. ஏப்ரல், மே வெயில்ல குடோன்ல கெடந்த பெட்டின்னா இன்னும் சீக்கிரம் கெடும். தேதி தெரியற மாதிரி போட்டோ அனுப்ப சொல்லுங்க, ஒரு வருஷத்துக்கு மேல ஆன வெள்ளை கிட்டை தள்ளுபடில குடுத்தாலும் வேணாம். பை உப்பியிருந்தா உள்ள ஏதோ புளிக்க ஆரம்பிச்சிருக்கு, திருப்பி குடுத்துடுங்க. ஈஸ்ட் பாக்கெட் தேதி மட்டும் தாண்டியிருந்தா கவலை இல்ல, லால்வின் ஈசி 1118 ஒரு பாக்கெட் தனியா வாங்கி போட்டுக்கலாம், பாதி கிட்ல அதேதான் இருக்கும்.

முதல் தடவைன்னா 23 லிட்டர்ல எறங்கணும்னு இல்ல. ஒரு கேலன் கிட் இருக்கு, 3.8 லிட்டர், அஞ்சு பாட்டில் வரும், கிச்சன் மேடைலயே முடிச்சிடலாம், ஹவுஸ் ஓனர் கண்ணுலயும் படாது. பெரிய கிட்டை வாங்கி பாதி பாதியா போட்டுக்கலாமேன்னு ஐடியா பண்ணாதீங்க, பாக்கெட்ல இருக்கற பொடியெல்லாம் 23 லிட்டருக்கு அளந்து வெச்சது, பையை தொறந்துட்டா மீதி ஜூஸும் காத்து பட்டு கெட்டுடும். பெரிய கிட்னா 30 லிட்டர் ஃபுட் கிரேடு பக்கெட் ஒண்ணு வேணும், நுரை பொங்கறதுக்கு மேல இடம் விடணும் இல்லையா, அப்புறம் 23 லிட்டர் கார்பாய், அதாவது குறுகின வாய் வெச்ச பெரிய ஜாடி. தண்ணி கேன் இருக்கேன்னு அதுல ஊத்தாதீங்க, அது 20 லிட்டர்தான் பிடிக்கும், அதுவும் தண்ணிக்காரரோட கேன். ஆனா உள்ள இருக்கற தண்ணி ரொம்ப உபயோகம், 8 லிட்டர் கிட்டுக்கு 15 லிட்டர் தண்ணி போதும், ஒரு கேன்ல வேலை முடிஞ்சுது. குழாய்ல வர காவேரி தண்ணில குளோரின் இருக்கும், அது ஒயின்ல மருந்து வாசனை கொண்டு வரும். போர் தண்ணி நம்ம ஏரியாக்கள்ல செம உப்பு. கேன் தண்ணியே எடுத்துக்கோங்க.

வெதர் விஷயத்துல நம்ம கொடுத்து வெச்சவங்க. கிட்டெல்லாம் 20லேருந்து 24 டிகிரில புளிக்கணும்னு போட்டிருப்பாங்க, ஆகஸ்ட்லேருந்து நவம்பர் வரைக்கும் பெங்களூர் வீட்டுக்குள்ள ஏசி இல்லாமயே கிட்டத்தட்ட அதான் இருக்கும், மும்பைலயும் டெல்லிலயும் இருக்கறவங்களுக்கு இந்த வரம் இல்ல. ஏப்ரல்ல ஆரம்பிச்சா மட்டும் பக்கெட்டை தண்ணி டப்ல எறக்கி ஈரத்துண்டு சுத்தி ஃபேன் போட்டு வைங்க, சூடு ஏறிட்டா பழ வாசனை பறந்துடும், காரம் மட்டும் நிக்கும், அப்புறம் அது ஆறறதுக்கு மாசக்கணக்குல காத்துக் கெடக்கணும், சீக்கிரம் ரெடியாகற கிட் வாங்கி என்ன புண்ணியம். டிசம்பர் ராத்திரி 15, 16 டிகிரிக்கு எறங்கும், அப்போ டைல்ஸ் தரைல வெக்காம மரப்பலகை மேல வைங்க.

செய்முறை ஷீட் பெட்டிலயே இருக்கும், அதை முழுசா திருப்பி எழுதல, வேகத்தை கெடுக்கற விஷயம் மட்டும் சொல்றேன். ஹைட்ரோமீட்டர் இல்லாம ஆரம்பிக்காதீங்க. நார்மல் கிட்னா அடர்த்தி 1.080லேருந்து 1.090க்குள்ள ஆரம்பிச்சு 0.996, 0.994 வரைக்கும் எறங்கும், ரெண்டு மூணு நாள் நம்பர் மாறாம இருந்தாதான் முடிஞ்சுதுன்னு அர்த்தம். குமிழி வரது நின்னுடுச்சு, அதனால முடிஞ்சிடுச்சுன்னு கணக்கு போட்டு இனிப்பு பாக்கெட்டை கொட்டினா மறுபடி புளிக்கும், பாட்டில்ல போட்ட பிறகு அது நடந்தா பாட்டில் வெடிக்கும். சார்பேட் போட்டா ஈஸ்ட் செத்துடும்னு நெனக்கறாங்க, சாகாது, பெருகறதைத்தான் நிறுத்தும், அதனால புளிச்சு முடிஞ்ச பிறகுதான் சார்பேட், அதுக்கு அப்புறம்தான் இனிப்பு. ஆரம்ப நம்பர்லேருந்து கடைசி நம்பரை கழிச்சு 131ஆல பெருக்குனா ஆல்கஹால் சதவீதம் வரும், 1.085ல ஆரம்பிச்சு 0.995ல நின்னா 12க்கு கொஞ்சம் கம்மி.

அப்புறம் கேஸ் எடுக்கறது. புளிக்கறப்போ வந்த கார்பன் டைஆக்சைடு ஒயினுக்குள்ளயே கரைஞ்சு நிக்கும், அதை கலக்கி கலக்கி வெளியேத்தணும். ரெண்டு மாசத்துல குடிக்கற ஒயினுக்கு இதுதான் உயிர்நாடி, கேஸ் இருந்தா நாக்குல சுருக்குனு குத்தும், புளிப்பு ஜாஸ்தி தெரியும், கைட்டோசான் கீசல்சால் போட்டாலும் தெளியாம கலங்கியே நிக்கும். கையால அஞ்சு நிமிஷம் சுத்திட்டு விடாதீங்க, டிரில் மெஷின்ல மாட்டற கலக்கி இருக்கு, அதை வெச்சு விட்டு விட்டு கலக்குங்க, மூடி வெச்ச சாம்பிள் பாட்டிலை குலுக்கி தொறந்தா டுப்புனு சத்தம் வராத வரைக்கும். வீட்ல ஆஸ்துமா இருக்கறவங்க இருந்தா மெட்டாபைசல்ஃபைட் பாக்கெட்டை அவங்க பக்கத்துல பிரிக்காதீங்க, குடிக்கறதுக்கு முன்னாடியும் சொல்லிடுங்க.

பாட்டில் குஜிரி கடைல, அதாவது பழைய சாமான் கடைல கிடைக்கும், சீக்கிரம் குடிக்கற ஒயினுக்கு திருகு மூடி பாட்டிலே போதும், கார்க், கார்க் அடிக்கற மெஷின்னு செலவு பண்ண தேவை இல்ல. மூடி உள்ள இருக்கற லைனர் கிழியாம இருக்கான்னு பாத்து எடுங்க. பாதி கிட் ஷீட்ல, 6 மாசத்துக்கு மேல வெக்கறதா இருந்தா கால் டீஸ்பூன் மெட்டாபைசல்ஃபைட் கூட போடுங்கன்னு இருக்கும், கிறிஸ்துமஸ்க்கே காலி ஆகப்போற ஒயினுக்கு அது வேணாம்.

இப்போ தேதி கணக்கு. டிசம்பர் 25லேருந்து பின்னாடி எண்ணிக்கோங்க. 6 வார வெள்ளை கிட்னா ஆகஸ்ட் நடுவுல போட்டா செப்டம்பர் கடைசில பாட்டில், அப்புறம் மூணு மாசம் தூக்கம், இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச டைமிங். கமே, லேசான மெர்லோவும் இதே கணக்குதான், இன்னும் ஒரு வாரம் முன்னாடி ஆரம்பிச்சாலும் நல்லதுதான். 4 வார ரோசே அக்டோபர் முதல் வாரம் வரைக்கும் தாங்கும். நவம்பர் பொறந்துடுச்சு, இன்னும் பெட்டியே கைக்கு வரலன்னா பழ கிட் மட்டும்தான், வேற எதையும் யோசிக்காதீங்க. பாட்டில் போட்ட உடனே எல்லா ஒயினும் ரெண்டு வாரம் மந்தமா, வாசனையே இல்லாம இருக்கும், அது வழக்கம்தான், பயந்து கீழ ஊத்திடாதீங்க.

பாட்டில் போடறப்போ ரெண்டு மூணு சின்ன பாட்டிலும் ரொப்பி வைங்க, 375 மில்லி இல்ல கூல்டிரிங்க் கண்ணாடி பாட்டில் கூட ஓகே, டேஸ்ட் பாக்கறதுக்கு பெரிய பாட்டிலை தொறக்க வேண்டாம். ஒரு மாசத்துல ஒண்ணு தொறங்க. வெள்ளைய நல்லா ஜில்லுனு பண்ணி குடிச்சு பாருங்க, கூலிங்ல சின்ன குறையெல்லாம் அடங்கிடும், ரெட்டையும் லேசா ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒரு அரை மணி நேரம் ஜக்ல ஊத்தி காத்தாட விட்டு குடிங்க. இன்னும் நாக்கு இழுக்குதுன்னா அந்த பெட்டியை கட்டிலுக்கு அடில தள்ளிட்டு ஈஸ்டருக்கு பாத்துக்கலாம், கிறிஸ்துமஸ் டேபிளுக்கு நந்தி மலை பக்கத்து ஒயின் ரெண்டு பாட்டில் கடைல வாங்கிக்கோங்க.